மீட்டர் பழசு என்றேன்

ஜூன் 16

மரிய ஜொசிட்டா இன்று சர்வீஸுக்கு வந்தது. லம்பெர்ட் சாரின் மூன்று படகுகளில் இதுதான் பெரிய எஞ்சின் போட்டது. துறைமுகத்துக்குள் இடம் கிடைக்காமல் வெளியே நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல்களுக்குக் காய்கறி, இறைச்சி, தண்ணீர், சில நாள் ஆட்கள் என்று கொண்டுபோய்க் கொடுக்கும் படகு. ஓட்டுவது கஸ்மீர் அண்ணன்.

ஜெயசிங் அண்ணாச்சி கடையில் எஞ்சின் பிரிக்க மூன்று பேர். வயரிங், பேட்டரி, மீட்டர் எல்லாம் நான் ஒருத்தி. பேட்டரியைக் கழற்றி சார்ஜ் ஏற்றி, முனைகளில் பூத்திருந்த பச்சையைச் சுரண்டித் திரும்ப மாட்டினேன். அந்த நேரம் பார்த்து பக்கத்துப் படகில் நின்ற இரண்டு பேர், "எம்மா, தாளிச்சாச்சா? வாசம் வருதே" என்று சிரித்தார்கள். நான் தலையைத் தூக்கவில்லை. கேபிள்கள் இரண்டும் வெயிலில் வெளுத்து ஒரே நிறமாகக் கிடக்கின்றன. ஒரு பொறி தெறித்தது. பேட்டரி வேலையில் பொறி சகஜம். சரியாக மாட்டி முடித்து, பிளஸ் கேபிளில் சிவப்பு டேப் சுற்றினேன். இனிமேல் யாரும் குழம்ப வேண்டாம்.

ஒரே திருப்பில் எஞ்சின் பிடித்தது. கஸ்மீர் அண்ணன் அந்த இரண்டு பேரையும் பார்த்து, "பாத்தீகளாலே? ஒரே திருப்பு! உங்க படகை நாலு ஆம்பளைங்க சேந்து உருட்டுதீங்க" என்று கத்தினார்.

ஆர்பிஎம் மீட்டர் முள் கொஞ்சம் துடித்தது. பழைய மீட்டர்.

ஜூன் 17

அம்மாவுக்குக் கண் சொட்டு மருந்து வாங்கினேன். மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்று தொடங்கிவிட்டது. வீடு பெருக்கப் பெருக்க மணல்.

ஜூன் 23

கஸ்மீர் அண்ணன் கடைக்கே வந்துவிட்டார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"எம்மா பியூலா, அந்த ஆர்பிஎம் முள்ளு செத்தே போச்சும்மா. எவ்வளவு முறுக்குனாலும் சைபர்லயே படுத்துக் கிடக்கு. பேட்டரி மீட்டரும் ஏற மாட்டேங்குது. நேத்து ரெண்டாவது நடையில ஸ்டார்ட் ஆக முக்குச்சு."

அண்ணாச்சி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். "சர்வீஸ் முடிஞ்சு ஒரு வாரந்தானே ஆச்சு?"

"நாளைக்குப் போய்ப் பாக்கேன் அண்ணாச்சி. கனெக்‌ஷன் லூஸா இருக்கும்" என்றேன்.

ஜூன் 24

காலையில் ஜெட்டிக்குப் போனேன். ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முதலில் ஃப்யூஸ். நன்றாக இருந்தது. பிறகு எர்த் கனெக்‌ஷனைக் கழற்றித் தேய்த்து மாட்டினேன். மீட்டருக்குப் பின்னால் இருக்கும் சாக்கெட்டுகளைப் பிடுங்கி ஸ்பிரே அடித்தேன். முள் அசையவில்லை. மல்டிமீட்டரை பேட்டரியில் வைத்துக்கொண்டு, எஞ்சினை முறுக்கச் சொன்னேன். சார்ஜ் ஏறினால் வோல்ட் பதினாலு பக்கம் போக வேண்டும். பன்னிரண்டிலேயே நின்று, முறுக்க முறுக்க இறங்கியது.

ஃப்ளைவீலுக்கு அடியில் இருக்கும் காயில்தான் கரண்டை உண்டாக்குகிறது. அதைப் பேட்டரிக்கு ஏற்ற மாதிரி நேராக்கிக் கொடுப்பது ரெக்டிஃபயர். ஆர்பிஎம் மீட்டருக்கும் சிக்னல் அதே வழியில்தான் வருகிறது. ஆகவே, சார்ஜும் இல்லை, ஆர்பிஎம்மும் இல்லை என்றால் முதலில் மீட்டரைச் சந்தேகப்படக் கூடாது. இதை ஐடிஐயில் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, இந்தக் கடையில் நானே கற்றுக்கொண்டது.

காயிலைச் சோதித்தேன். நன்றாக இருந்தது. ரெக்டிஃபயரில் மீட்டரை இப்படியும் அப்படியும் வைத்துப் பார்த்தேன். நல்ல ரெக்டிஃபயர் ஒரு பக்கம்தான் காட்டும். இது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி காட்டியது.

"என்னம்மா, என்ன சொல்லுது?" என்றார் கஸ்மீர் அண்ணன்.

"மீட்டர் பழசு அண்ணே" என்றேன். "அதான் காட்ட மாட்டேங்குது. பேட்டரியும் கொஞ்சம் வீக்கா இருக்கு. சாயங்காலம் கழட்டி வீட்டுக்குக் கொண்டுபோய் சார்ஜ் போட்டுட்டுக் காலையில மாட்டிக்கோங்க. மீட்டர் வந்ததும் மாத்திருவோம்."

"கடலுக்குப் போகலாம்ல?"

"போகலாம்."

"நீ சொன்னா சரிதான்."

ஜூன் 25

ரெக்டிஃபயர் தானாகவும் போகும். சூட்டில் போகும். உப்புத் தண்ணீர் பட்டாலும் போகும்.

கொச்சியில் ஒரு கடைக்கு போன் போட்டு அதே மாடல் கேட்டேன். அண்ணாச்சி வழியாகக் கேட்காமல் நானே கேட்டேன். இரண்டு வாரம் ஆகுமாம். வந்தால், மீட்டர் மாற்றுகிற சாக்கில் அதையும் மாற்றிவிடலாம். எல்லாம் சரியாகிவிடும்.

ஜூலை 2

கஸ்மீர் அண்ணன் ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் பேட்டரியை வைத்துக்கொண்டு போவதைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் ஹாரன் அடித்தார். "என் பிள்ளைங்களக்கூட இப்படி வச்சுக் கூட்டிட்டுப் போனதில்ல" என்று கத்திச் சிரித்துக்கொண்டே போனார்.

ஜூலை 4

அண்ணாச்சி பேத்திக்கு ஞானஸ்நானம். எல்லோருக்கும் பிரியாணி. சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அண்ணாச்சி தன் மருமகனிடம் என்னைக் காட்டி, "நம்ம கடைக்கு எலெக்ட்ரிக்கல் முழுசும் பியூலாதான். சேக்கும்போது ஊரே சிரிச்சுச்சு. இப்ப மணப்பாட்டுல இருந்துகூட ஆள் தேடி வாரான்" என்றார். நான் தண்ணீர் குடிக்கிற மாதிரி டம்ளரை முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டேன்.

கொச்சிக்கு மறுபடி போன் செய்தேன். இன்னும் வரவில்லை.

ஜூலை 9

கஸ்மீர் அண்ணனுக்குக் கையில் அடி. ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்.

ஜூலை 10

நேற்று என்ன நடந்தது என்பதை இன்றுதான் முழுதாகக் கேள்விப்பட்டேன். கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

நேற்றைக்கு முந்தின நாள் அவர்கள் தெருவில் டிரான்ஸ்பார்மர் வேலை, பகலும் சாயங்காலமும் கரண்ட் இல்லை. பேட்டரி பாதிதான் ஏறியிருக்கிறது. அதை மாட்டிக்கொண்டு காற்றோடு காற்றாக வெளியே போய், ஒரு நிலக்கரிக் கப்பலில் சாமானை ஏற்றிவிட்டு, ஊருக்குப் போகிற கப்பல்காரர்கள் இரண்டு பேரைப் பெட்டியோடு ஏற்றியிருக்கிறார். கயிற்றை அவிழ்த்துத் தள்ளிய பிறகு ஒரு பெரிய அலை. எஞ்சின் நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்ற சத்தம் மட்டும். வயர்லெஸ்ஸும் சத்தமில்லாமல் கிடந்திருக்கிறது. படகு, நிலக்கரிக் கப்பலுக்குப் பின்னால் நங்கூரம் போட்டிருந்த இன்னொரு கப்பலை நோக்கி அடித்துக்கொண்டு போயிருக்கிறது. அதன் நங்கூரச் சங்கிலியில் பக்கவாட்டில் மோதினால் ஃபைபர் படகு எத்தனை நேரம் தாங்கும்?

எஞ்சின் மூடியைக் கழற்றி, ஃப்ளைவீலில் கயிற்றைச் சுற்றி இழுத்திருக்கிறார். முதலில் பிடிக்கவில்லை. அடுத்து இழுத்தபோது பிடித்துவிட்டது. ஆனால் கயிறு விடுபடவில்லை. வலது கையில் இரண்டு விரல் உள்ளே போய்விட்டது.

சட்டையைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டு, இடது கையால் ஓட்டியே கரைக்குக் கொண்டுவந்திருக்கிறார். அந்த இரண்டு பேரையும் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, பிறகுதான் மயங்கினாராம்.

மோதிர விரலும் சுண்டு விரலும். மேல் இரண்டு கணு எடுத்துவிட்டார்கள்.

ஜூலை 10, மறுபடியும்

மதியம் லம்பெர்ட் சார், அண்ணாச்சி, நான் மூன்று பேரும் படகைப் பார்க்கப் போனோம். எஞ்சின் மேல் ரத்தம் காய்ந்திருந்தது. அண்ணாச்சியே மீட்டர் வைத்துப் பார்த்தார். அவருக்கும் தெரியும்.

"ரெக்டிஃபயர் எரிஞ்சு போச்சு. பேட்டரியை மாத்தி மாட்டுனாத்தான் இப்படி ஆகும். பிளஸ்ஸ மைனஸ்ல குடுத்திருக்கான்."

"தெனமும் கழட்டி மாட்டிட்டு இருந்தானே" என்றார் லம்பெர்ட் சார். "ஒரு நாள் விடியக்காலம் தூக்கக் கலக்கத்துல மாட்டியிருப்பான். முப்பது வருச சர்வீஸு, இதுகூடவா தெரியாது? ரெண்டு பேரு உசுரு போயிருக்கும். என் பேரும் போயிருக்கும்."

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "நீ அன்னைக்குப் பாத்தப்ப ரெக்டிஃபயர் சரியாத்தானே இருந்துச்சு?"

"ம்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். 

ஜூலை 12

ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன். அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவி மெட்டில்டா அக்கா வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ வந்தியே பியூலா, படகுக்காரங்க ஒருத்தரும் எட்டிப் பாக்கல. இவரு தப்புன்னு எல்லாரும் சொல்லுதாகளாமே" என்றாள்.

ஆரஞ்சைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜூலை 15

எழுத ஒன்றுமில்லை. ஒரு ஐஸ் பிளாண்ட் படகுக்கு லைட் வயரிங். நன்றாக முடிந்தது.

ஜூலை 18

மரிய ஜொசிட்டாவுக்குப் புது டிரைவர். வேம்பாரிலிருந்து யாரோ. கஸ்மீர் அண்ணனை இனி எந்தப் படகிலும் ஏற்றுவதில்லை என்று லம்பெர்ட் சார் சொல்லிவிட்டாராம். அண்ணாச்சி புது ரெக்டிஃபயரைத் தன் ஆள் வழியாக வரவழைத்து மாட்டச் சொன்னார். நான்தான் மாட்டினேன். முள் உடனே எழுந்து நின்றது.

ஜூலை 19

கொச்சியிலிருந்து பார்சல். அம்மா வாங்கி மேசைமேல் வைத்திருக்கிறாள். "என்னட்டி இது, இவ்வளவு கனமா?" என்றாள். "கடைச் சாமான்" என்றேன். பிரிக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

ஜூலை 24

கஸ்மீர் அண்ணன் வீட்டுக்குப் போனேன். ஏன் போனேன் என்று இப்போது யோசித்தால், அவர் நன்றாக இருக்கிறார் என்று என் கண்ணால் பார்த்துவிட்டால் போதும் என்றுதான் போயிருக்க வேண்டும்.

மெட்டில்டா அக்கா கதவைத் திறந்ததும் வாயில் விரல் வைத்து, உள்ளே பார் என்று கண்ணைக் காட்டினாள்.

அண்ணன் தரையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் பழைய பேட்டரி ஒன்று. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, இடது கையால் ஒரு கேபிளை எடுத்தார். தடவினார். வைத்தார். மறுபடி எடுத்தார்.

"தெனமும் இதே வேலைதான்" என்று அக்கா என் காதருகே சொன்னாள். "அன்னைக்கு எந்தக் கையால எதைப் பிடிச்சேன்னு பாக்காராம். சோறு எடுத்து வச்சாலும் வர மாட்டேங்காரு."

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"வாம்மா, உக்காரு. நீ சிவப்பு டேப்பு சுத்தி வச்சிருந்தியே. அதுக்கு அப்பறமும் எப்படிம்மா மாத்திப் போட்டேன்? அதுதான் எனக்குப் பிடிபடவே மாட்டேங்குது. கண்ணை மூடிட்டு மாட்டினாக்கூட எனக்குத் தப்பாது. ஆனா மாட்டியிருக்கேன். என் புத்திக்கு என்னமோ ஆயிட்டுதுன்னு நினைக்கேன். எங்க அய்யாவுக்கும் கடைசிக் காலத்துல இப்படித்தான், வீட்டுக்கு வழி தெரியாமப் போச்சு."

"அப்படியெல்லாம் இல்லண்ணே."

"உன் சர்வீஸுக்கும் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டேன். கடையில ஒண்ணும் சொல்லலையே உன்னைய? என்னைய மன்னிச்சுக்கம்மா."

நான் எழுந்துவிட்டேன். வெளியே வந்து வண்டியை ஸ்டார்ட் செய்ய முடியவில்லை. கிக்கரை உதைத்துக்கொண்டே இருந்தேன், சாவி போடாமல்.

ஜூலை 25

இங்கே எழுதுகிறேன். இன்னும் விடியவில்லை. முதலில் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

ஜூன் பதினாறாம் தேதி பேட்டரியை மாற்றி மாட்டியது நான். அவர்கள் சிரித்தார்கள் என்று கோபத்தில் கேபிளைப் பார்க்காமல் மாட்டினேன். பொறி தெறித்ததும் புரிந்தது. உடனே மாற்றினேன். ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியில்தான் ரெக்டிஃபயர் பழுதானது.

தவறுதல் யாருக்கும் வரும். இருபத்துநான்காம் தேதி செய்தது தவறுதல் இல்லை. அன்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் "போகலாம்" என்றேன். பேட்டரியைத் தினமும் கழற்றி மாட்டச் சொன்னதும் நான்தான். அதனால்தான் பழி அவர்மேல் போய் உட்கார்ந்தது.

ரெக்டிஃபயர் போய்விட்டது, படகை எடுக்காதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எப்படிப் போச்சு என்று கேட்பார்கள். பொம்பளை கை வைத்தால் இப்படித்தான் என்பார்கள். அந்தச் சொல்லுக்குப் பயந்தேன்.

ராத்திரி மறுபடி எழுதுகிறேன். காலையில் கடைக்கு யாரும் வருவதற்கு முன்னால் அண்ணாச்சியிடம் சொன்னேன்.

அவர் ஷட்டரைப் பாதி திறந்தபடி அப்படியே நின்றார். பிறகு உள்ளே வந்து உட்கார்ந்தார். 

"வேற யாருகிட்ட சொன்ன?"

"யாருகிட்டயும் இல்ல அண்ணாச்சி."

"சொல்லாத." என்னைப் பார்க்காமல் பேசினார். "லம்பெர்ட் படகு மூணும் நம்ம கடைதான். அவன் போனா மத்தவனும் போவான். இங்க நாலு குடும்பம் இருக்கு. கஸ்மீருக்கு நான் ஏதாவது பண்ணுதேன். ஐஸ் பிளாண்ட்ல வாட்ச்மேன் வேலை கேட்டு வாங்கிக் குடுக்கேன். விரலு திரும்பி வரவா போகுது?"

"அவரு தன் புத்தி கெட்டுப் போச்சுன்னு நினைச்சிட்டு இருக்காரு அண்ணாச்சி."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஊரே சிரிச்சப்ப உன்னைய நான் நம்பி வச்சேன் பியூலா" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

ஜூலை 27

நேற்று மாதா கோயில் கொடியேற்றம். தெருவெல்லாம் ஜனம். இன்று சாயங்காலம் அந்தக் கூட்டத்துக்குள் வண்டியைத் தள்ளிக்கொண்டே கஸ்மீர் அண்ணன் வீட்டுக்குப் போனேன். வழியில் இரண்டு தடவை திரும்பிவிடலாம் என்று நின்றேன்.

அக்கா காபி போடப் போனாள். "வேண்டாம்க்கா, நீங்களும் இருங்க" என்றேன். நின்றுகொண்டே சொன்னேன். பொறி தெறித்ததிலிருந்து "ம்" வரைக்கும் எல்லாவற்றையும். அழக் கூடாது என்று நினைத்திருந்தேன். அழவில்லை. அழுதால் அவர்கள் என்னைத் தேற்ற வேண்டியிருக்கும்.

அக்காதான் முதலில் பேசினாள். "ஆரஞ்சு வாங்கிட்டு வந்தியே" என்றாள். "உன் கையைப் பிடிச்சிட்டு அழுதேனே நான்." அவள் குரல் உயரவே இல்லை. அடுப்படிக்குப் போய்விட்டாள். ஒரு பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது.

கஸ்மீர் அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"மீட்டரு வச்சுப் பாத்த அன்னைக்கே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"நான் கேட்டேன்ல, கடலுக்குப் போகலாமான்னு?"

"கேட்டீங்க."

அவர் முன்னால் இருந்த பேட்டரியைக் காலால் சுவர்ப்பக்கம் தள்ளினார். அது நகர்கிற சத்தம் தரையில் கரகரவென்று கேட்டது.

"போ" என்றார்.

ஜூலை 28

லம்பெர்ட் சார் ஆபீஸ். ஏசி அறை. கணக்குப்பிள்ளையை வெளியே போகச் சொன்னார். கேட்டு முடித்ததும், "உன்னை யாரு இங்க வந்து சொல்லச் சொன்னது, கஸ்மீரா?" என்றார்.

"அவரு போன்னுட்டாரு சார். நானாத்தான் வந்தேன்."

"போலீஸ்ல குடுக்கட்டுமா?"

"குடுங்க சார்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவன்கிட்ட ஒரு வார்த்தைகூட விசாரிக்காம நீக்கிட்டேன்" என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. பிறகு கோபம் வந்து, "எந்திரிச்சுப் போம்மா முதல்ல" என்றார்.

ஜூலை 29

லம்பெர்ட் சாரிடம் நான் சொன்னது அண்ணாச்சிக்குத் தெரிந்துவிட்டது. கடைக்குப் போனேன். என் டூல் பெட்டியைத் துடைத்து வாசல் மேசைமேல் வைத்திருந்தார். அவர் உள்ளே இருந்தார். வெளியே வரவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

லம்பெர்ட் சார் மூன்று படகையும் வேறு கடைக்குக் கொடுத்துவிட்டார் என்று கேள்வி. எஞ்சின் பிரிக்கும் மூன்று பேரில் ஒருவருக்கு வேலை போகும். சேவியராகத்தான் இருக்கும், அவர்தான் கடைசியாகச் சேர்ந்தவர். இதுவும் என்னால்தான்.

ஆகஸ்ட் 3

அம்மாவிடம் சொன்னேன். "அப்பவே சொல்லியிருந்தா ஒரு ஏச்சோட போயிருக்கும்லட்டி" என்றாள். அதைத்தான் நானும் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 6

நேற்றுத் திருவிழா முடிந்தது. ஊர் காலியாகிவிட்டது. ஆட்டோ எலெக்ட்ரிக்கல் கடைகள் இரண்டில் வேலை கேட்டேன். ஒரு கடையில் விஷயம் முன்பே தெரிந்திருந்தது. மற்றொன்றில் நானே சொன்னேன். இரண்டு இடத்திலும் ஒரே பதில்.

ஆகஸ்ட் 11

லம்பெர்ட் சாரிடமிருந்து போன். கஸ்மீர் அண்ணனை மறுபடி கூப்பிட்டிருக்கிறார். ஆஸ்பத்திரிச் செலவையும் தானே தருகிறாராம். அண்ணன் வருகிறேன் என்றாராம், ஆனால் ஒரு நிபந்தனை. வயரிங் முழுவதையும் பியூலா வந்து பார்த்த பிறகுதான் படகில் ஏறுவாராம்.

"வேற கடைக்காரன் பாத்துட்டான், எல்லாம் ஓகேன்னு சொன்னேன். கேக்க மாட்டேங்கான். என்ன கணக்குன்னு எனக்குப் புரியல. நாளைக்குக் காலையில வா."

எனக்கும் புரியவில்லை. ஆனால் டூல் பெட்டியைத் திறந்து வைத்து எல்லாவற்றையும் ஒருமுறை எடுத்துப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 12

அண்ணன் ஜெட்டியில் நின்றார். கட்டு இல்லை. நான் "அண்ணே" என்றேன். அவர் தலையை ஆட்டினார், அவ்வளவுதான்.

பேட்டரியிலிருந்து ஆரம்பித்தேன். ஒவ்வொரு கனெக்‌ஷனையும் கழற்றி, பார்த்து, மாட்டினேன். ஒவ்வொன்றுக்கும் என்ன பார்க்கிறேன் என்று வாய்விட்டுச் சொன்னேன். அவர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பேட்டரியை மாட்டும் இடம் வந்தது. நிறுத்திவிட்டு, இரண்டு கேபிளையும் அவர் பக்கம் காட்டினேன். அவர் பார்த்து, "ம்" என்றார். பிறகு மாட்டினேன். எஞ்சின் ஓடியபோது வோல்ட் பதினாலைத் தொட்டு நின்றது. அதையும் காட்டினேன்.

"சரி, ஏறு" என்றார்.

"எங்கண்ணே?"

"வெளிய."

இரண்டு பேர் மட்டும் போனோம். அலை பெரிதாக இருந்தது. நான் இத்தனை நாள் ஜெட்டியில் கட்டிய படகில்தான் வேலை பார்த்திருக்கிறேன், அந்தத் தூரம் போனதே இல்லை. கரையிலிருந்து பார்க்கும்போது சின்ன பொம்மை மாதிரி தெரிகிற கப்பல், பக்கத்தில் போகப் போக மதில் மாதிரி எழுந்து வானத்தை மறைத்தது. அதன் பின்னால் இன்னொன்று. நங்கூரச் சங்கிலியின் ஒவ்வொரு வளையமும் என் கை நீளத்துக்கு இருந்தது. அலை இறங்கும்போது அது தண்ணீரிலிருந்து வெளியே வந்து சொட்டியது.

அங்கே கொண்டுபோய் அண்ணன் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினார்.

சத்தம் நின்றதும் காற்று மட்டும்தான். படகு திரும்பிக்கொண்டது. பக்கவாட்டில் அலை வாங்கி ஆடியது. சங்கிலி இருந்த பக்கம் மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டு போனது. நான் விளிம்பை இறுக்கிப் பிடித்தேன். அவர் சாவியில் கை வைக்கவில்லை. எஞ்சினைப் போடுங்கள் என்று நான் கேட்கவும் இல்லை. கேட்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

"இங்கதான்" என்றார் கடைசியில்.

நான் தலையை ஆட்டினேன்.

"விரலு போனதை நான் பெருசா நினைக்கல. கடல்ல பொழைக்கிறவன் உடம்புல ஏதாவது ஒண்ணு குறையாம இருக்கிறது அபூர்வம்." அவர் சங்கிலியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "ஆனா என் கையை நானே நம்பாம உக்காந்திருந்தேன் பாரு. என் புத்தியை நானே சந்தேகப்பட்டேன் பாரு. ராத்திரி எந்திரிச்சு அவ பேரு, பிள்ளைங்க பேரெல்லாம் சொல்லிப் பாப்பேன், மறந்துட்டேனான்னு. அதை நீ பாத்துட்டு எந்திரிச்சுப் போனியே. அதைத்தான் என்னால..."



"மன்னிச்சுக்கோங்கன்னு கேக்க மாட்டேன் அண்ணே" என்றேன்.

"கேக்காத."

சங்கிலியில் ஒட்டியிருந்த பாசி தெளிவாகத் தெரிகிற அளவுக்கு வந்துவிட்டோம். அப்போதுதான் சாவியைத் திருப்பினார். எஞ்சின் பிடித்தது. படகைத் திருப்பிக் கரைப்பக்கம் விட்டார். அடிபட்ட கையால்தான் பிடித்திருந்தார்.

திரும்பி வரும்போது காற்று எதிர்த்து அடித்தது. முன்பக்கம் உட்கார்ந்திருந்த என்மேல் ஒவ்வொரு அலைக்கும் தண்ணீர் வாரி இறைத்தது. பின்பக்கம், அவர் பக்கத்தில், நனையாத இடம் இருந்தது. பின்னால வந்து உக்காரு என்று அவர் சொல்லவில்லை. நானும் நகரவில்லை. கரை வரைக்கும் அப்படியே வந்தோம்.